குறுக்கே வைத்த கல்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் பசைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலைதான்: எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய படிகத் துண்டின் நாலு மூலையிலும், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை வெள்ளிப் பசை தொட்டு ஒட்டுவது. தும்மல் வந்தால் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, சுவரைப் பார்த்துத் தும்முவார். அவ்வளவு பக்குவம். வீட்டில் ஒரு பொத்தான் தைத்துத் தந்ததில்லை என்று அவர் சம்சாரத்துக்குக் குறை. அது வேறு கதை.

அந்த வாரம் வந்தது இரும்பும் இன்னும் ஏதேதோவும் சேர்ந்த கறுப்புக் கல். நன்றாகக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிற ஜாதி. அது நகராமல் இருக்க ஒரு சின்ன இடுக்கியில் வைத்து, அகலப் பக்கம் திருகாணியை முடுக்கிக் குளிர்கலத்துக்குள் இறக்கினார். அறைச் சூட்டில் எந்தப் பக்கம் அளந்தாலும் தடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்த அளவு குளிர்வதற்கு முன்பே சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் இரண்டு வழி போயின. நீளவாக்கில் சுலபமாகப் போன மின்சாரம் அகலவாக்கில் முக்கி முனகியது.

கூடத்துக்குத் தலைவியான மேடம், ஒட்டு சரியில்லை என்று முடிவு கட்டினார். நாளைக்கும் இப்படி வந்தால் பசைக்காரர் ஸ்டோருக்குப் போய்க் கையுறை எண்ணலாம், கம்பியை வேறு ஆள் பார்க்கட்டும் என்றார். கூடத்தில் வாயு சிலிண்டர் தள்ளுகிறவர் அதற்குள் ஸ்டோர் நாற்காலியைத் துடைத்தாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பசைக்காரரிடம் வந்து, "கை நடுங்குதாய்யா?" என்று அனுதாபமாகக் கேட்டார். அனுதாபத்தில் பாதி சிரிப்பு.

அன்று ராத்திரி வீட்டில் பசைக்காரர் சம்சாரத்திடம் விளக்கப் பார்த்தார்.

"ஒரே கட்டில்ல நெடுக்க படுத்தா தூக்கம் வருது, குறுக்க படுத்தா வரலை. அந்த மாதிரி."

"குறுக்க படுத்தா கால் வெளியில தொங்கும். தூக்கம் எப்படிங்க வரும்?"

அவர் விளக்கை அணைத்துவிட்டு நெடுக்கவே படுத்தார்.

மறுநாள் காலையில் கல்லை எடுத்து நாலு ஒட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கடுகு மாதிரி உருண்டு திரண்டு நின்றன, ஒரு குற்றமும் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. திரும்ப வைத்து, முடுக்கி, இறக்கினார். இந்தத் தடவை அகலம் சுலபம், நீளம் முரண்டு.

கம்பியை மாற்றி ஒட்டிவிட்டார் என்றார் மேடம். பசைக்காரர் கலத்திலிருந்து இடுக்கியை வெளியே எடுத்துப் பார்த்தார். திருகாணி நீளப் பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சொன்னால் தப்பு இரண்டாகும், சொல்லாவிட்டால் பழி கம்பி மேல். எப்படியும் ஸ்டோர்தான்.

"கம்பியைத் தொடவே இல்லை மேடம். கல்லைத்தான் குறுக்க வெச்சுட்டேன். இருந்த குழப்பத்துல கவனிக்கலை."

திருகாணி நேற்று எந்தப் பக்கம், இன்று எந்தப் பக்கம் என்று, திட்ட வந்த மேடம் இரண்டு தடவை கேட்டார். பிறகு அதைத் தளர்த்தி இறக்கச் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் வரைபடத்தில் நீளத்துக்கும் அகலத்துக்குமான இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஆக, அழுத்துகிற பக்கம்தான் முரண்டு பிடிக்கிறது.

மேடம் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினார். குளிர்ந்ததும் கல்லுக்குள்ளே அணுக்கள் நிற்கும் சதுரம் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகுமாம். சும்மா விட்டால் ஒரு திட்டு இப்படி நீளும், இன்னொன்று அப்படி நீளும், கூட்டிக் கழித்தால் சமம். அழுத்தினால் எல்லாத் திட்டும் ஒரே பக்கம் குறுகி நிற்குமாம்.

"குறுகினா வழி கிட்டத்துல ஆச்சு. அந்தப் பக்கம் சுலபமாத்தானே போகணும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத்தான் எல்லாரும் போட்டு அடிச்சுக்கிறாங்க. எனக்கும் சரியாத் தெரியலை."

அப்படியானால் தான் ஸ்டோருக்குப் போவதா என்று பசைக்காரர் கேட்டார்.

"நாளைக்கு மூணு கல்லு வருது. நேரா ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை வைக்கணும். அதை ஸ்டோர்ல உக்காந்து எப்படி வைப்பீங்க?"

மறுநாள் முதல் கல்லை எடுத்து ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு பக்கமும் ஒரே அளவு, அச்சில் வார்த்த சதுரம். நேர் எது, குறுக்கு எது? பசை காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய் மேடம் அறைக் கதவைத் தட்டினார்.