அம்மா தின்ற முட்டை

அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிந்த வாரமே அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அத்தைக்குச் சரியாகிற வரைக்கும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டைகூட அடுப்பில் ஏறாது. தாராவியில் சுவருக்குச் சுவர் வீடு. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனையைத் தடுக்க மாதாவாலும் முடியவில்லை. அப்பா சில மாலைகளில் சோம்பு மென்றபடி வருவார். நேர்ந்தது வீட்டுக்குத்தான், மாகிம் ஓட்டலுக்கு இல்லை என்று அத்தையிடம் மட்டும் சொல்வார். அத்தை அவருடைய ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தாள்.

டாக்டரும் அப்போது முட்டை, கறி, பருப்பு எல்லாவற்றையும் குறைக்கத்தான் சொல்லியிருந்தார். மாதாவும் டாக்டரும் ஒரே பேச்சாக இருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

டயாலிசிஸ் தொடங்கியதும் டாக்டர் கட்சி மாறிவிட்டார். லீவு நாளில் நானும் செம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு விஷயம் சொல்லும் மேடம், அத்தையின் ரத்தம் ஓடுகிற வடிகட்டியைக் காட்டி அம்மாவுக்கு ஹிந்தியில் விளக்கினார். அது கழிவைத்தான் வெளியேற்ற வேண்டும்; ஆனால் அதன் துளை வழியாக உடம்புக்கு வேண்டிய புரதச் சத்தும் கொஞ்சம் போய்விடுகிறது, கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. போனதைச் சாப்பிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். தினமும் முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள், இல்லையென்றால் ஆள் தேறமாட்டார் என்றார். அம்மா தலையாட்டினாள்.

அத்தை முட்டையைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். தனக்காக வீடே வாயைக் கட்டியிருக்கும்போது தான் மட்டும் எப்படித் தின்பது என்பது அவள் நியாயம். அம்மா கெஞ்சினாள், அப்பா சத்தம் போட்டார். அத்தையின் கால் வீங்கியது, கை மெலிந்தது. ஒருநாள் மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். மேலேயும் போகமுடியவில்லை, கீழேயும் இறங்கமுடியவில்லை. அப்பா அவளைத் தூக்கி இறக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து முட்டை அவித்தாள். எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. உரித்த முட்டைகளைத் தட்டில் வைத்து அத்தைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வேண்டாம் மதினி. எனக்காவ நேந்ததுல்லா?" என்றாள் அத்தை.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு முட்டையை எடுத்து முழுசாகத் தின்றாள். விக்கியது. தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

"இப்பம் நேர்ச்ச முடிஞ்சிட்டு. மாதா கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ தின்னு."

அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளைக்கருவைப் பிய்த்து வாயில் போட்டாள். அவளுக்கு ஆகாத மஞ்சள்கரு எனக்கு வந்தது.

நேர்ச்சை முடிந்துவிட்டது என்றால் அத்தைக்குச் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? நான் சந்துக்கு ஓடி, வாளியோடு நின்றவர்களிடமெல்லாம் எங்கள் அத்தைக்குக் குணமாகிவிட்டது என்று சொன்னேன். பக்கத்து வீட்டு மராத்தி மாமி நல்ல சேதிக்கு வாய் இனிக்க வேண்டும் என்று உடனே கைநிறையச் சர்க்கரையோடு வந்து அத்தையின் வாயில் ஊட்டினாள். அத்தை மறுக்காமல் வாயைத் திறந்தாள். அம்மாவும் குணமாகவில்லை என்று சொல்லவில்லை, சர்க்கரையை வாங்கிக்கொண்டாள்.

மாமி போனதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் எப்போது அழத் தொடங்கினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. குணமான பிறகும் நாளைக்கு எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கேட்டபடி நடுவில் நின்றேன்.