அத்தையின் இரண்டெழுத்து

அத்தைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. பள்ளியை விட்டதும் நானும் அங்கேயே சேர்ந்தேன். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனை என்னுடையது.

அவள் பெயர் மாயா. உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலில் நீளமான பெயர்கள் எடுபடாது. அதனால் எது வேண்டுமானாலும் சூப்பர்வைசர் "மாயா!" என்றுதான் கத்துவார். அத்தை அலுத்துக்கொண்டே போவாள்.

போன மாதம் வேறு தேசத்துப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். அவள் பெயரும் மாயாதான். கூப்பிட்டால் இருவரும் ஓடினார்கள்.

"எங்க பக்கம் மாயான்னா அன்பு," என்றாள் புதியவள்.

இஸ்திரி போடுகிறவளும் வேறு தேசத்துக்காரிதான். அவள் விடவில்லை. "எங்க பாஷையில அது தண்ணிங்கற வார்த்தை மாதிரி கேக்கும்."

"உங்களுக்கு என்னக்கா அர்த்தம்?" என்று புதியவள் அத்தையைக் கேட்டாள்.

அத்தை விரிப்பை உதறினாள். "இருக்கிற மாதிரி தெரியும். இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். "பெரிய மாயா, சின்ன மாயான்னு தொண்டை கிழிய என்னால முடியாது. நாளையிலேருந்து நீ அக்கா," என்றார் அத்தையிடம்.

"உங்களுக்கு நான் அக்காவா? தலைக்கு மை அடிச்சா வயசு குறைஞ்சிடுமா சார்?"

அவரும் சிரித்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

வீட்டில் அத்தை தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ அத்தைங்கற. கீழ் வீட்ல அக்கா. கடையில அம்மா. பேர் சொல்லிக் கூப்பிட உங்க மாமா இல்ல, எங்க அம்மா அப்பாவும் இல்ல. அந்த இரைச்சல்ல ஒரு மனுஷன் கத்திக்கிட்டிருந்தாரு. அதுவும் போச்சு."

அதை இத்தனை நாள் நான் அதட்டல் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் "அக்கா!" என்றார். மூன்று முறை. அத்தை திரும்பவே இல்லை.

"காது அடைச்சுப் போச்சா?"

"என் பேரு மாயா சார்."

கேலிக்கு அல்லாமல் அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

புதியவள் குறுக்கே வந்தாள். "எங்க தெருவுல இந்தப் பேர சொன்னா பத்துப் பேர் திரும்புவாங்க. வீட்ல என்னை எங்க பாஷையில குட்டின்னுதான் கூப்பிடுவாங்க. அப்படியே கூப்பிடுங்க, போதும்."

அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. வீட்டிலிருந்து தினமும் நாலு முறை போன் வருகிறது.

"மாயா, ரெண்டாம் மாடி விரிப்பு!" என்றார் சூப்பர்வைசர். அத்தை ஓடினாள்.

மாலையில் அவள் எனக்கு முன்னால் படியேறிப் போய்ப் பூட்டைத் திறந்தாள். ஒரே ஒரு முறை, நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். அவள் முதுகைப் பார்த்தபடி வாயைத் திறந்தேன்.

"அத்தை."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.