பெயர் எழுதாத சங்கக்காரர்

மணலியில் ஒரு கம்பெனியில் நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர் அவர். ஒடிசலான உடம்பு, சரியாக இமைக்காத கண்கள். யார் யார் உறுப்பினர் என்று தாளில் எழுதவே மாட்டார். மூட்டை சுமக்கும்போதும் உதடு அசையும். எங்கள் பெயர்களை மனப்பாடம் செய்கிறார் என்பார்கள்.

ஒருநாள் காண்டிராக்டர் எங்களை வரிசையாக நிறுத்தினார். சங்கத்தில் இருப்பவனுக்கு அன்றோடு வேலை இல்லை. என்னைச் சங்கக்காரர் முன்னால் தள்ளி, "இவன் உன் ஆளாய்யா?" என்று கேட்டார்.

காலையில்தான் நாங்கள் இருவரும் ஒரே தட்டில் இட்லி தின்றிருந்தோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு நைனா இது? புச்சா கீறான்."

ஒவ்வொருவரையும் பார்த்து அதையே சொன்னார்.

"அப்போ பேயைச் சேர்த்துகினு சங்கம் நடத்துறியா?" என்று கத்திய காண்டிராக்டர், அவரை மட்டும் வேலையைவிட்டு அனுப்பினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர் தனியாக நின்றிருந்தார். ஓடிப்போய், "அண்ணே, என் பொழப்பைக் காப்பாத்திட்டே" என்றேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"யாருப்பா நீ?" என்றார்.

பெயரைச் சொன்னேன். முதல்முறை கேட்பவர்போலத் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். அது நடிப்பா, நிஜமாகவே என்னைத் தனக்குள்ளிருந்து அழித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.