மாரியக்கா வாங்கிய கம்ப்யூட்டர்

மாரியக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம் அவளுக்கு முன்னால் வந்து சேரும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் டிசைன் செக்ஷனில் அவள் இருந்தாள். மிஷின்கள் ஓடும் கூடத்துக்கும் அவள் உட்காரும் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு மட்டும் என்பதால், விரலில் மை படாத வேலைதான் என்றாலும் மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெய் அவள் துப்பட்டாவில் ஏறிவிடும். அந்த வாசத்தோடு சில நாட்களில் "வேஸ்டேஜ்" தாள்களும் வரும். நிறம் விலகிப்போன, முருகன் முகத்தின் மேல் ஒரு ரோஜாத் தோட்டமே ஏறி உட்கார்ந்துவிட்ட, வழவழப்பான பெரிய தாள்கள். அவற்றின் பின்பக்க வெள்ளையில்தான், நான் ஒன்பதாவது படித்த அந்த வருஷம் முழுக்க, நாங்கள் இருவரும் ஒரு கம்ப்யூட்டரை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தோம்.

எங்கள் வீடு நாரணாபுரத்தில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள்; அப்பா லோடு ஏற்றுகிற பக்கம், அம்மா பெட்டி ஒட்டுகிற பக்கம். காலையில் கம்பெனி வண்டி வந்து இருவரையும் அள்ளிக்கொண்டு போனால் வீடு எனக்கும் அக்காவுக்கும்தான். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். டிப்ளமோ முடித்துவிட்டு அச்சகத்துக்குப் போனவள், அங்கே சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து விளையாடும் ஒரு கார் பந்தயத்தில் மாட்டிக்கொண்டாள். "எட்டுச் சுத்துலே, ஏழு பேரும் எனக்குப் பின்னாடி" என்று அவள் வந்து சொல்கிற நாட்களில் சோற்றுத்தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு வளைவுகளைக் காட்டுவாள். நான் அந்த விளையாட்டைப் பார்ப்பதற்கு முன்பே அதன் எல்லா வளைவுகளும் எனக்கு மனப்பாடம்.

சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் அப்பாவிடம் கேட்டபோது பந்தயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கலாம் என்றாள். அப்பா சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைத் தட்டிக்கொண்டே, "ஒன் காசு, ஒன் இஷ்டம். ஆனா கலியாணத்துக்குன்னு போட்டு வாரதுல கை வச்சுராதம்மா" என்றார். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது காலண்டர் சீசனில் அவள் கூடுதல் நேரம் உட்கார்ந்து சம்பாதிக்கப்போகிற பணம் மட்டும்தான். ஆடி பதினெட்டுக்குப் புது மாதிரி காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர் குவிகிற நாளிலிருந்து மார்கழிவரை அது எவ்வளவு சேருமோ, அதற்குள் கம்ப்யூட்டர் முடிந்தாக வேண்டும்.

கடையில் கட்டி வைத்ததை வாங்கினால் அந்தப் பணத்துக்குப் பந்தயக் கார் நகராது, ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கிப் பூட்டினால்தான் நகரும் என்று அக்கா முடிவுசெய்தாள். முதலில் எங்கள் தாளில் கிராபிக்ஸ் கார்டுதான் நடு இடத்தில் இருந்தது. படத்தை வேகமாக வரைந்து தள்ளுவது அதன் வேலை. அதை எழுதியதும் மற்ற எதற்கும் பணமில்லாமல் போயிற்று. சரி, மெமரிக்கான ராமைக் குறைப்போம் என்பேன். குறைத்தால் விளையாட்டு நடுவில் திக்கும் என்பாள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மலிவாக வாங்குவோம் என்பேன், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதானே அது, கண்ணுக்குக்கூடத் தெரியாதே என்று. அதற்கு மட்டும் அவள் கோபப்படுவாள். "நம்ம தெருவுல கரண்டு எறங்கி ஏறுறது ஒனக்குத் தெரியாதா? அது போச்சுன்னா அம்புட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்லே." இப்படி மூன்று மாதம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். படம் வரையும் திறமையும் உள்ளேயே சேர்ந்த ஒரு ப்ராசசர் இருந்தது. இப்போதைக்கு அதைப் போட்டு ஓட்டுவது, கிராபிக்ஸ் கார்டுக்கான இடத்தை மதர்போர்டில் காலியாக விட்டுவைப்பது, அடுத்த தீபாவளிக்கு அந்த இடத்தை நிரப்புவது. மானிட்டருக்கு அவள் அச்சகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ஒன்றைக் கேட்டு வாங்கினாள். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு ரோஸ் கோடு ஓடும், அவ்வளவுதான் அதில் குறை.

தை பிறந்ததும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். பஜாருக்குள் மாடியில் இருந்த கடை அது. கடைக்கார அண்ணாச்சி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி, என்ன கேம் விளையாடுவீக?" என்று கேட்டார். அக்கா கையிலிருந்த தாளை விரித்து மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். நீல விளக்கு எரியும் ஒரு கேபினட் பெட்டியை எடுத்து வந்து, "தம்பிக்கு இதுதான் கெத்தா இருக்கும்" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அக்கா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிச்சத்துக்கு வீட்டுல பல்பு இருக்கு அண்ணாச்சி. உள்ள காத்து போறதுக்கு எம்புட்டு எடம் இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். திரும்பும் வழியில் பஸ்ஸில் மதர்போர்டுப் பெட்டியை அவள் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் உள்ளே என்ன பலகாரமா என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் பெட்ஷீட் விரித்து அக்கா அதைப் பூட்டினாள். நான் திருகாணிகளை மூடியில் போட்டு ஏந்திக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால் காற்றாடி மட்டும் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "போச்சா?" என்றாள். அக்காவின் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்ததை நான் பார்த்தேன். ஆறு மாதத்து இரவுக் கண்விழிப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவள் கரண்டை எடுத்துவிட்டு, ராமைப் பிடுங்கி, மறுபடி வைத்து, கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாள். "டக்" என்று ஒரு சத்தம். மறுபடி சுவிட்சைப் போட்டுத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தபோது இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

கார் ஓடியது. ஆனால் எல்லா அமைப்புகளையும் கடைசிவரை இறக்கினால்தான் ஓடியது. முக்கியமாக நிழலை அணைத்துவிட வேண்டும். ஆகவே எங்கள் பந்தயத்தில் கார்களுக்கு நிழல் கிடையாது, மரங்களுக்குக் கிடையாது, வெயிலடிக்கிற அந்த ஊரில் எதற்குமே நிழல் கிடையாது. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே கீபோர்டில் இடது பக்கம் நானும் வலது பக்கம் அவளும் ஓட்டுவோம். மலிவான கீபோர்டு என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் நிறைய விசைகளை அழுத்தினால் அது குழம்பிப்போய் யாராவது ஒருவரின் கார் நின்றுவிடும். அதனால் வளைவு வரும்போது, "நான் பிரேக் பிடிக்கேன், நீ கைய எடு" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போட்டி போட்டோம். ஞாயிறு மதியங்களில் அவள் தோள் என் தோளில் இடிக்க, வளைவுக்கு வளைவு இருவரும் சேர்ந்து சாய்ந்த அந்த நான்கு மாதத்தைப்போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காரியாபட்டியில் விதைக்கடை. நல்ல மனிதர், இன்றும் நல்ல மனிதர்தான். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சீர் சாமான்களை ஏற்றிப்போக மினி லாரி வந்து வாசலில் நின்றது. கட்டிலும் பீரோவும் ஏறின. மாப்பிள்ளையின் பெரியப்பா சாமான்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவர், மேசையின் மேல் துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "இதும் பொண்ணு சாமானா?" என்று கேட்டார்.

அப்பா உடனே, "இல்ல அண்ணாச்சி, அது பையனோடது. படிப்புக்குன்னு வாங்குனது" என்றார்.

அவர் பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு பையன் இருக்கும்போது அப்படி ஒரு பொருள் வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று அவர் உண்மையாகவே நினைத்திருப்பார். அக்கா ஒரு பித்தளைப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவாசலில் நின்றாள். பெரியப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அப்படியா தம்பி, ஒன்னோடதா?" என்றார். அக்காவும் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையோ கோபப் பார்வையோ இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிற பார்வை.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அவள் பானையைக் கொண்டுபோய் லாரியில் வைத்தாள். வண்டி கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "மாசம் ஒருக்க காத்தாடியத் தொடச்சுரு, தூசி அடஞ்சா சூடாயிரும்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மாவின் போனஸில் எனக்கு கிராபிக்ஸ் கார்டு வந்தது. காலியாகக் கிடந்த இடத்தில் அதைச் செருகி, எல்லா அமைப்புகளையும் மேலே ஏற்றினேன். கார்களுக்குக் கீழே நிழல் விழுந்தது. சாலையோர மரங்கள் ஒவ்வொன்றும் தன் நிழலைக் காரின் மேல் வீசிப்போனது. தலைத்தீபாவளிக்கு அக்காவும் மாமாவும் வந்தபோது நான் அதைப் போட்டுக் காட்டினேன். அவள் புதுச்சேலையோடு என் பின்னால் வந்து நின்று, ஒரு முழுச் சுற்று பார்த்தாள். "நெழலெல்லாம் விழுதுலே" என்றாள். நான் இடது பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காரப் போனாள். அதற்குள் அம்மா, "மாரி, மாப்பிள்ளைக்கு இலை போடணும், வா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவள் போனாள். அதன்பிறகு அந்தத் திரையை நான் இரண்டாகப் பிரித்ததே இல்லை.

இப்போது நான் மதுரையில் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறேன். அந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது அந்தப் பெட்டி என்பதை யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்வேன். விருதுநகர் மாடிக்கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பாகங்கள் வேண்டியவர்கள் போனில் அழுத்தி வரவழைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டரை நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது, வீட்டைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்த வாரத்தில், அம்மா பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். முருகன் தாள்கள் முன்பே போயிருந்தன. தேடித் தேடி ஒரு பாகத்தை அடித்து இன்னொன்றை எழுத, எழுதியதற்காகச் சண்டைபோட, எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

போன பொங்கலுக்குக் காரியாபட்டி போயிருந்தேன். மாமா வெளியே போயிருந்ததால் அக்கா விதைக்கடையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள். விசைகளின் மேல் அவள் விரல்கள் இன்றும் அதே வேகத்தில் போவதைப் பார்த்ததும், பல வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் தலைய ஆட்டிருக்கக் கூடாதுக்கா."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "அதக் கொண்டாந்து இங்கன எங்க வச்சிருப்பேன்? அப்ப இந்த வீட்டுல ஒத்த ரூம்புல எட்டுப் பேரு இருந்தோம்" என்றாள்.

"இப்ப ஒண்ணு பூட்டித் தரட்டா? நீயே பாத்து எழுது. எம்புட்டு ஆனாலும் சரி."

அவள் சிரித்தாள். "எம்புட்டு ஆனாலும் சரின்னா அதுல எழுதுறதுக்கு என்னலே இருக்கு?"

ஒரு விவசாயி வந்து மக்காச்சோள விதை கேட்டார். அவள் எழுந்து எடுத்துக் கொடுத்து, பில்லைக் கிழித்து நீட்டி, அவர் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இருந்தாலும் நீ சொல்லிருக்கலாம்லே."