பெர்னடெட் கீறிய நிலவுகள்

என் புருஷனின் தங்கை பெர்னடெட்டுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். 1986இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் கம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியதும் போய்ச் சேர்ந்துவிட்டாள். குருநகர்க் கடற்கரைப் பெட்டை தனியப் போவதா என்று மாமனார் சிமியோன் குதித்தார். காவலுக்கு நான் போக வேண்டியதாயிற்று. எனக்குக் கம்பியூட்டரும் ஒன்றுதான், கத்தரிக்காயும் ஒன்றுதான். மூலையில் இருந்து துணி தைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வகுப்பின் கடைசி மாதம் அங்கே படிப்பிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையை இவள் கேட்டாள். வகுப்பை நடத்திய அருட்பிரகாசம் சேர் ஒரு நிபந்தனை போட்டார்.

"உங்கடை கடல் ஆக்களுக்கு ஒரு வரைபடம் செய்து காட்டும். நீர் வாய் திறக்கக் கூடாது. அவையள் தாங்களாப் பாத்து விளங்கினால் வேலை உமக்குத்தான்."

மனுஷனுக்கு வேறு சோலி இல்லை! எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவர்களிடமா பரீட்சை? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளோ அன்றைக்கே தொடங்கிவிட்டாள். எங்கள் வள்ளத்துக்கு நாளுக்கு எத்தனை பெட்டி சூடைமீன் பட்டது என்று என் புருஷன் ஆறு மாதமாகக் குறித்து வைத்திருந்தார். அதை ஏறி இறங்கும் கோடாகக் கீறினாள். கோட்டுக்குக் கீழே திகதிகளுக்குப் பதிலாக நிலவுகளை வரிசையாக வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். பறுவத்துக்கு முழு நிலவாக நிரப்பிய வட்டம், அமாவாசைக்கு வெறும் வளையம்.

சொல்லுவது சுகம். முதல் நாள் வட்டமெல்லாம் கோழிமுட்டையாக வந்தது.

"அகலத்தையும் உயரத்தையும் மிஷின் ஒரே அளவா எடுக்குதில்லை, மச்சாள்" என்றாள்.

அடுத்த நாள் வட்டம் சரி, ஆனால் ஊதிப்பெருத்துக் கோட்டையே மறைத்துவிட்டது. ஆரையைக் குறைத்தாள், கீழே இறக்கினாள், கரண்ட் போனது, முதலில் இருந்து எழுதினாள். பத்தாம் நாள் கறுப்புத் திரையில் வெள்ளை நிலவுகள் வரிசையாக வந்து நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஊசியை விரலில் ஏற்றிவிட்டேன். அவ்வளவு வடிவு!

அச்சில் எடுத்துச் சுருட்டிக்கொண்டு நேரே கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஓடினோம். அருட்பிரகாசம் சேரும் வந்து பின்னாலிருந்த வாங்குப் பலகையில் இருந்தார். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பெர்னடெட் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

நீக்கிலாப்பிள்ளை அப்பு எழும்பிக் கிட்டப் போனார். அறுபது வருஷம் கடலில் கிடந்தவர். கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். கோட்டின் மேல் விரலை ஓட்டினார். கீழே இருந்த வட்டங்களைப் பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

"உது முழுப்பிழை, பிள்ளை! கறுப்பு வட்டம் அமாவாசை எல்லோ? இருட்டிலை மீன் இல்லையாம், நிலவுக்கு வலை நிறைய மீனாம்! வெளிச்சத்திலை சூடை வலையைக் கண்டு ஓடியிடும் எண்டு தெரியாதோ? நீ சிமியோன்ரை பெட்டைதானே?"

சங்கமே கொல்லென்று சிரித்தது. கூட்டத்தில் இருந்த மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரையில் வெள்ளையாக நிரப்பிய பறுவம், தாளில் கறுப்பு மையாக விழுந்திருக்கிறது. அவசரத்தில் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பாவி, அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் நிரம்பிவிட்டது.

சேர் எழும்பினார்.

"அப்பு, உதை உங்களுக்கு ஆர் விளங்கப்படுத்தினது?"

"ஆரும் சொல்லவேணுமோ? கோடு ஏறினால் மீன், இறங்கினால் இல்லை. கீழை கிடக்கிறது நிலவு. பிழை பிழைதான்."

சேர் இவள் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாரும். படிக்கிறதுக்கு இல்லை, படிப்பிக்கிறதுக்கு. வட்டங்களை மட்டும் மாத்திக் கீறும்."

பெர்னடெட் கண்ணைத் துடைத்தாள்.

"இனிக் கதைக்கலாமோ, சேர்?"

"ஓம்" என்றார் அவர். அவள் கதைக்கவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.