அக்கா வாசிக்கத் தவறிய கோடு

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை எடுத்துச் சொல்ல நம் உறவினர் பலர் இருக்கிறீர்கள். தம்பியாகிய நான், அவர் மனதை விட்டு இறங்காமலே இருந்த ஒரு வருத்தத்தையும் இங்கே எழுத விரும்பினேன். எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுதுங்க தம்பி. அவ யார்கிட்டயும் மறைக்கல. நாம எதுக்கு மறைக்கணும்?" என்றார்.

கண்டிக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அப்பாவுக்கு மாநகரசபையில் வேலை கிடைத்ததும் நகரத்துக்கு வந்தோம். வந்த கொஞ்ச காலத்திலேயே அம்மா தவறிவிட்டார். காலையில் சோறாக்கி, எங்களுக்குத் தலைவாரிவிட்டு, அதன் பிறகுதான் அக்கா தன் பாடசாலைக்கு ஓடுவார். அப்படிப் படித்தும் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தார். ஆசிரியர் நியமனம் கிடைத்தது கடுகண்ணாவைப் பக்கம் ஒரு சிறிய தோட்டப் பாடசாலைக்கு. திருமணமாகிக் குண்டசாலைக்குப் போன பின்பும் இடமாற்றம் கேட்கவில்லை. கண்டியில் பஸ் மாறி, விடியலிலேயே புறப்பட்டுப் போய்வந்தார்.

நான்காம் தரப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுப்பதில் அவருக்குத் தனிப் பிரியம். முதலில் சுவரில் படத்தைத் தொங்கவிடமாட்டார். மேசையில் ஒரு கோப்பையை வைத்து, பிள்ளைகளைக் கதிரையில் ஏறி நின்று பார்க்கச் சொல்வார். மேலேயிருந்து பார்த்தால் கோப்பை வெறும் வட்டம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து பாடசாலையைச் சுற்றி நடந்து, கண்டதையெல்லாம் தாளில் போடவேண்டும். தண்ணீர்க் குழாயை ஒரு பிள்ளை புள்ளியாகப் போடும், இன்னொன்று கொக்கியாகப் போடும். தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டு, "இப்ப வாசிங்க" என்பார். யாருக்கும் விளங்காது. வகுப்பே சிரிக்கும். "அப்ப கீழே என்ன எழுதணும்?" என்று கேட்பார். இன்ன குறி இன்ன பொருள் என்று படத்தின் ஓரத்தில் எழுதும் குறியீட்டு விளக்கம் எதற்கென்று அந்தப் பிள்ளைகள் அப்படித்தான் அறிந்துகொண்டார்கள்.

ஒரு வருடம், வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை வரைந்துவரச் சொன்னார். அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை, தங்கள் லயத்துக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் வளைந்த கோடொன்றைப் போட்டிருந்தது. அன்று தாள்கள் குவிந்திருந்தன. அக்கா பார்த்தவுடன் அதை ஓடை என்று எண்ணி, "தண்ணி நீலத்தில வரணும்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிள்ளை அதன் மேல் நீலம் தீட்டிக் கொண்டுவந்தது. அக்கா சரி போட்டார்.

அடுத்த மழைக்காலத்தில், பாடசாலை விடுமுறையில், அந்த லயத்தின் பின்பக்கத்து மேடு சரிந்தது. தாயும் பிள்ளையும் கடைக்குப் போயிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த தகப்பன் மண்ணுக்குள் போய்விட்டார். செய்தி கேட்டு ஓடிய அக்கா, பாடசாலை அலுமாரியைத் திறந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். கீழே, குறியீட்டு விளக்கத்தில், சின்ன எழுத்தில், அந்தக் கோட்டுக்கு நேராக 'மண்ணு வெடிச்ச இடம்' என்று எழுதியிருந்தது.

தாயும் பிள்ளையும் கலகெதரவில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பதாக அறிந்து அக்கா போனார். நானும் கூடப் போனேன். நடந்ததை அக்கா மறைக்காமல் சொன்னார்.

அந்தத் தாய் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நாங்களுந்தான் பாத்தோம் டீச்சர். தெனமும் அதத் தாண்டித்தான் கொழுந்து பறிக்கப் போனோம்" என்றார்.

அக்கா பிள்ளையின் பக்கம் திரும்பினார். "நீ சரியாத்தான் போட்டிருந்த. நான்தான் வாசிக்கல."

பிள்ளை தலையைத் தூக்காமல், "நீலம் நான்தான் அடிச்சேன் டீச்சர்" என்றது.

அக்கா பிள்ளையைக் கட்டிக்கொண்டு, "நான் சொன்னதாலதான அடிச்ச" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது பிள்ளையின் மனதில் ஏறியதா என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில், தாயே பார்த்ததாகச் சொல்லிவிட்டாரே என்று ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "அவங்களுக்குச் சொல்ல ஆளில்ல. என்கிட்ட ஒரு பிள்ள வந்து சொல்லிச்சு" என்றார்.

அதன் பிறகு எந்தப் பிள்ளையின் படத்தையும் அக்கா தனியாக இருந்து திருத்தியதில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது என்னன்னு நீயே சொல்லு" என்பார். பாடம் முடிய நாளாகிறது என்று பாடசாலை அதிபர் குறைப்பட்டதும் உண்டு. ஒரு பையன் தன் படத்தில் மலசலகூடத்துச் சுவர்மேல் போட்டிருந்த கோட்டைக் கேட்டு, அது வெடிப்பு என்று அவன் சொன்னதும் அக்கா எழுந்து போய்ப் பார்த்தார். அதே அதிபர்தான் அன்றே அந்த இடத்தை மூடவைத்தார். ஆனால் இதையெல்லாம் பாராட்டிப் பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. பேச்சை மாற்றிவிடுவார்.

ஓய்வு பெற்ற பின் ஊரெல்லாம் பார்க்கவேண்டும் என்று அத்தானும் அவரும் ஆசைப்பட்டார்கள். நோய் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்க்க வந்த பழைய மாணவர்களிடமெல்லாம் அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிக் கேட்டார். தாயும் மகளும் கலகெதரவை விட்டு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதற்கு மேல் எவருக்கும் தெரியவில்லை. நாங்களும் தேடினோம். அக்கா இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாமற் போனது எங்களுக்கு ஆறாத குறை.

அக்காவை இரவுபகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அயல் வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும், மழையிலும் மலையிறங்கி வந்து இறுதிக் கிரியைகளில் நின்ற தோட்டத்துப் பெற்றோருக்கும், ஆசிரிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அந்தப் பிள்ளை இன்று வளர்ந்த பெண்ணாக இருப்பார். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், டீச்சர் காலமாகிவிட்டார் என்று சொல்லுங்கள். கடைசிவரை அவரை விசாரித்துக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.