அண்ணி சந்தேகம் கேட்ட கதை

அண்ணிக்கும் எனக்கும் ஒத்துப்போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நாத்தனார் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று உலகமே முடிவு கட்டி வைத்திருக்கிறது. அதற்கேற்ற மாதிரி எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். என் கத்திரியைவிட நாக்குதான் வேகம் என்று வாடிக்கையாளர்கள் என் காதுபடவே சொல்வார்கள். அண்ணி எனக்கு வைத்திருக்கும் பெயரே ‘கத்திரி’தான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடந்திருப்பது வேறு.

அண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலை. பால், மருந்து என்று குளிர்பெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கமே வரமாட்டான். அதனால் வீட்டில் பெரும்பாலும் நானும் அண்ணியும்தான். அண்ணிக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸ் தயாரிக்கும் பட்டறையில் வேலை. இளம் வயதில் கையால் தேய்த்தார். இப்போது இயந்திரத்தில் பொருத்தித் தேய்க்கிறார். டாக்டர் எழுதித் தரும் சீட்டில் லென்ஸை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று ஒரு கோணம் இருக்கும். அது எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பவருடைய கணக்கு. பட்டறையில் தேய்ப்பதோ லென்ஸின் பின்பக்கம், கண்ணைப் பார்த்திருக்கும் பக்கம். ஆகவே சீட்டைப் பார்த்ததும் அந்தக் கோணத்தை மனசுக்குள்ளேயே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் கணினியே திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் பழைய இயந்திரத்தில் பழகிய அண்ணி அதை நம்பமாட்டார். தானே திருப்பிப் பார்த்துச் சரியென்றால்தான் பொத்தானை அழுத்துவார். அப்படித் திருப்பித் திருப்பியே இத்தனை வருஷத்தில் ஒரு லென்ஸைக்கூட அவர் தப்பாகத் தேய்த்ததில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாலைக் கல்லூரியில் சேரப் போவதாகச் சொன்னார். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று நடத்தும் இன்ஜினியரிங் படிப்பு. டிப்ளமோ கையில் இருப்பவர்கள் ஒரு நுழைவுத்தேர்வு எழுதி ஜெயித்தால் நேராக இரண்டாம் வருஷத்தில் உட்காரலாம். நாற்பது வயது தாண்டினால் சேர்க்கமாட்டார்கள். அண்ணிக்கு அடுத்த வருஷம் அந்த வயது தாண்டுகிறது.

“பட்டம் வாங்கி என்ன பண்ணப் போறீங்க அண்ணி? மாட்டி வைக்கச் சுவர்ல இடம்கூட இல்ல.”

“பட்டம் கிடக்கட்டும் கத்திரி. எனக்கு வகுப்புல உட்காரணும். டிப்ளமோவை முழுக்கத் தபால்லதான் படிச்சேன். பள்ளிக்கூடத்தை விட்டதுக்கப்புறம் ஒரு வாத்தியார் முகத்தை நான் பார்த்ததே இல்ல. கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேக்கணும். ஒரு மனுஷன் திரும்பி நின்னு பதில் சொல்லணும். அவ்வளவுதான்.”

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

நுழைவுத்தேர்வுக்கு ஒரே பாடம்: பல மாறிகள் கொண்ட நுண்கணிதம். ஒரு விஷயம் மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்பது கால்குலஸ் என்கிற நுண்கணிதம். பல விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது இது. என் வீட்டில் தினமும் நடப்பதுதான், ஆனால் அதற்குப் பாடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இணையத்தில் இலவசமாக ஒரு தாடிக்காரர் நடத்துகிறார். அண்ணி செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிடுவார். தாடி ஓட்டமாக ஓடுவார். அண்ணி அவரை நிறுத்துவார், பின்னால் இழுப்பார், பாதி வேகத்தில் ஓட விடுவார். பாதி வேகத்தில் தாடியின் பேச்சு மயக்க ஊசி போட்டுக்கொண்டவர் பேசுவது போல இருக்கும். “இதிலிருந்து இது எளிதாகத் தெரிகிறது” என்று அவர் சொல்லும் இடங்களில்தான் அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. அந்த ‘எளிதாக’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தத் தாடியை வழித்துவிடலாம் போலிருக்கும்.

ஆரம்பத்தில் ஒரு பாடம். மற்றதையெல்லாம் அசையாமல் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் அசைத்துப் பார்க்க வேண்டுமாம். அதைப் புரிந்துகொள்ள அண்ணி குளியலறையில் வெந்நீர்க் குழாயை மட்டும் இம்மி இம்மியாகத் திருகிக்கொண்டு நின்றார். நான் கடைக்குக் கிளம்பும் நேரம். கதவைத் தட்டினேன். “இரு, பச்சைத்தண்ணி மாறாம இருக்கு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். உள்ளே அலறல் கேட்டது. ஒன்றை மட்டும் அசைக்கிற வசதி குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதை அன்றைக்கு அண்ணி கற்றுக்கொண்டார்.

காணொளிக்குக் கீழே சந்தேகம் கேட்கலாம் என்று போட்டிருந்தார்கள். அண்ணி யோசித்து யோசித்து, மரியாதையாக ஒரு கேள்வி எழுதிப் போட்டார். பல நாள் கழித்து யாரோ அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் பதில். அதையும் அண்ணி சந்தோஷமாக என்னிடம் காட்டினார். “யாரோ படிச்சிருக்காங்க, பாரு.” “கட்டைவிரலைப் பரீட்சையில எழுத முடியுமா?” என்று கேட்டுவைத்தேன்.

தட்டுத்தடுமாறிப் பாதிப் பாடம் ஓடியது. அப்புறம்தான் வினை வந்தது. கடைசிப் பாடங்களில், வளைந்த பரப்பு வழியாக ஏதோ பாய்கிறது, அது எந்தப் பக்கம் எவ்வளவு பாய்கிறது என்று கேட்பார்கள். ஒரு வளையத்தைச் சுற்றி எந்தத் திசையில் போகிறோம் என்று படம் போட்டுப் பார்த்துத்தான் கணக்கையே தொடங்க வேண்டும். அண்ணி பயிற்சிக் கணக்கைப் போட்டு முடித்து விடையைப் போனில் தட்டுவார். திரையில் சிவப்பாக ‘தவறு’ என்று வரும். ஏன் தவறு, எங்கே தவறு, ஒன்றும் கிடையாது. மறுபடி போடுவார். அதே விடை வரும், அதே சிவப்பும் வரும். வாரக்கணக்கில் இப்படியே போனது. அண்ணி மெலிந்துபோனார். லாரியிலிருந்து வந்த அண்ணன் பார்த்துவிட்டு, “கணக்கு தப்பானா சோறு இறங்காதா?” என்று கேட்டான். அண்ணி தலை நிமிராமல் அடுத்த கணக்கைத் தொடங்கினார்.

“எனக்கு மண்டையில ஏறல. வயசாயிடுச்சு போல” என்றார் ஒருநாள். தேர்வுக்கு அதிக நாள் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். போனில் தாடி முதல்முறையாகக் கரும்பலகையை விட்டு நகர்ந்து, தன் அறையின் மூலையைக் காட்டினார். மூலையைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். இடது சுவர் ஓரமாக வருவது x, வலது சுவர் ஓரமாக வருவது y, மேலே போவது z என்றார். அண்ணியும் எழுந்து சமையலறை மூலைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். வலது சுவரைத் தொட்டு x என்றார்.

எனக்கு x-உம் தெரியாது y-உம் தெரியாது. ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடியில் முகம் பார்த்து முடிவெட்டுகிறவள் நான். இடம் வலம் மாறினால் என் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும்.

“அண்ணி, அவரு இந்தப் பக்கம் சொன்னாரு. நீங்க அந்தப் பக்கம் தொடுறீங்க.”

“இல்லையே, அதேதான் தொட்டேன்.”

காணொளியைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டேன். அண்ணி பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்து, போட்டு வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாமே இடம் வலம் மாறியிருந்தன. திரையில் இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கை தானாகத் திருப்பிப் போட்டிருக்கிறது, சீட்டைப் பார்த்து லென்ஸைத் திருப்பிப் போடுவது போல. அதனால் வளையத்தை எதிர்த் திசையில் சுற்றியிருக்கிறார். விடைகளில் ஓர் எண்கூடப் பிசகவில்லை. முன்னால் போட வேண்டிய கழித்தல் குறி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

அண்ணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இரண்டும்தான் என்று பிறகு சொன்னார்.

இத்தோடு விட்டதா என்றால் இல்லை. கையைத் திருத்திப் பழக்கினார். சிவப்பு போய்ப் பச்சை வர ஆரம்பித்தது. அந்த வாரமே பட்டறையில், திருப்ப வேண்டிய கோணத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டார். கணினி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. அண்ணி அது தப்பு என்று மாற்றி வைத்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் போக வேண்டிய லென்ஸ். வெளியே போவதற்குள் சோதிக்கும் மேஜையில் பிடித்துவிட்டார்கள். மேலாளர் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். அதைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை.

“பரீட்சை வேணாம் கத்திரி. ரெண்டையும் ஒரே தலையில வெச்சுக்க என்னால முடியல. அந்தப் பொண்ணு அதைப் போட்டுக்கிட்டு ரோட்டைத் தாண்டியிருந்தா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நான் காலையிலேருந்து கண்ணாடிக்குள்ள ஆளைப் பார்த்து வெட்டுறேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கு நேரா நின்னு வெட்டி விடுறேன். இதுவரைக்கும் யார் காதையாவது அறுத்தேனா?”

“நீ எப்படி மாத்திக்கிற?”

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. யோசித்துப் பார்த்தேன். “மொதல்ல தொட்டுக்குவேன். இடது பக்கம் வெட்டணும்னா, கத்திரியை எடுக்கறதுக்கு முன்னாடி ஆளோட இடது தோளைத் தொட்டுடுவேன். கண்ணாடி என்ன வேணா காட்டட்டும்.”

அண்ணி என் இடது தோளைத் தொட்டார். பிறகு தன் தோளைத் தொட்டார். மறுநாளிலிருந்து பட்டறையில் பொத்தானை அழுத்துவதற்கு முன் லென்ஸின் பின்பக்கத்தை விரலால் தொட்டார். வீட்டில் படம் போடுவதற்கு முன் மேஜையின் இடது ஓரத்தைத் தொட்டார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூச்சி பிடிப்பது போலிருக்கும். அதற்கப்புறம் இரண்டு இடத்திலும் தப்பு வரவில்லை.

தேர்வன்று சனிக்கிழமை. என் கடையில் கூட்டம் நெரியும் நாள். கடையைச் சாத்திவிட்டுக் கல்லூரி வாசலில் நின்றேன். வெளியே வந்த அண்ணி, மேற்பார்வைக்கு நின்றவர் தன்னையே முறைத்ததாகச் சொன்னார். மேஜையைத் தடவித் தடவிப் பார்த்ததில், அடியில் ஏதோ ஒட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்து வந்து குனிந்து பார்த்தாராம். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அண்ணி கடைசியிலிருந்து நாலாவது. எனக்கு அதுதான் முதலிடம்; வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

வகுப்பு தொடங்கிய நாள் வேலை முடிந்து நேராகப் போய்விட்டார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன, கேட்டீங்களா சந்தேகம்?”

“கேட்டேன். போர்டுல எழுதிட்டிருந்தாரு. கையைத் தூக்கினேன். எழுதறதை நிறுத்திட்டுத் திரும்பினாரு.”

“பதில் சொன்னாரா?”

“இல்ல. நான் கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. ரொம்ப நேரம் யோசிச்சாரு. எனக்கும் இப்போ சரியாத் தெரியலம்மா, வீட்டுல பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்னுட்டாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதுக்காகவா இத்தனை மாசம் உசிரை விட்டீங்க? பதில் தெரியாத வாத்தியார்கிட்ட உட்காரவா?”

அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது.

“கத்திரி, என் சந்தேகத்தை ஒரு மனுஷன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு.”